இரண்டு மணிக்குத்தான் சாவி

உட்காருங்கள் சார். மணியை அழுத்திப் பயனில்லை. வாட்ச்மேன் உள்ளேதான் இருக்கிறான், திறக்க மாட்டான். இரண்டு மணிக்குத்தான் சாவி. நீங்களும் விடியற்காலையிலேயே வந்து இறங்கிவிட்டீர்களா? திருவாரூர் ரயிலா, சரிதான். இப்படித் தள்ளி உட்காருங்கள், இந்தப் படியில் நிழல் இவ்வளவுதான். அந்த மஞ்சள் பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள், அதில் வாழைப்பழம் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். என் தாய்மாமன் அதன்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டார்.

இத்தனை பையும் என்னுடையதா என்று பார்க்கிறீர்கள். என்னுடையது ஒன்றுதான். மற்றதெல்லாம் எங்கள் ஆட்களுடையது. ஆட்கள் எங்கே என்று கேட்காதீர்கள். நானே சொல்கிறேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிடக் கூடாத வீட்டில்.

நாங்கள் போடி. போடிநாயக்கனூர், தேனிப் பக்கம். அங்கே ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. வாய்ப்பேச்சு இல்லை, தாசில்தார் ஆபீசில் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவருக்குத்தான் அந்தச் சலுகை. எனக்குக் கொடுத்த பிறகு என் தங்கைக்குக் கிடையாது. அவள் உள்ளூரிலேயே பி.காம். படித்தாள். ஒரு வீட்டில் ஒருவர் ஒழுங்காகப் படித்தால் போதாதா?

அப்பா இல்லை. அதனால் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துச் செய்கிறேன். பஸ் டிக்கெட் போட்டால் தேதியை மறுபடி மறுபடி பார்ப்பேன். பொய் சொல்ல மாட்டேன். யாரிடமும் ஒரு சலுகை கேட்டு நிற்க மாட்டேன். என் குணம் அது.

தங்கை பெயர் நாகஜோதி. அவளுக்கு இந்த ஊரிலிருந்து ஓர் இடம் வந்தது. பூர்வீகம் கம்பம்தான், ரொம்ப வருஷமாகச் சென்னைவாசிகள். பையன் பெயர் கோபிநாத். டிப்ளமோ. லிஃப்ட் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்கிறான். டிப்ளமோ படித்தவன் எப்படி சார் எஞ்சினியர் ஆவான்? மேலே போவது, கீழே வருவது, அதற்கு ஒரு வேலை, அதற்கு ஒரு பெயர். நான் நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படித்தவன். நான் எங்கேயாவது என்னை எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்கிறேனா? ஏலக்காய்க் கம்பெனியில் யாரும் கேட்கவும் இல்லை, அது வேறு விஷயம்.

போன மாதம் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் பக்கம் பேசி முடிக்காத வீட்டில் கை நனைக்க மாட்டோம். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லையா, ஒன்றும் சாப்பிடாமல் எழுந்து வந்துவிடலாம், யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியதே இல்லை. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு பாருங்கள். இந்த ஊரில் யாருக்காவது இதெல்லாம் புரியுமா?

இப்போது எங்கள் முறை. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறோம். அம்மா, செல்லப்பாண்டி மாமா, நான். சாயங்காலம் நல்ல நேரத்தில் போவது, வீட்டைப் பார்ப்பது, பிடித்தால் கை நனைப்பது. அம்மாவும் மாமாவும் சாப்பிட்டால் மட்டும் போதாது. அப்பா இடத்தில் இருக்கிறவன் நான். நான் கை நனைத்தால்தான் அது முடிவு. பெண்ணை அழைத்துப் போகிற வழக்கமே எங்களிடம் இல்லை. இவள் கேட்டாளா? “அந்த வீட்ல இருக்கப்போறது நானா, நீங்களா?” என்றாள். அம்மா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. சரி, ஊருக்கு வா, வீட்டுக்கு வராதே, ரூமில் இரு என்று நான்தான் ஒரு வழி பண்ணினேன். இந்த அபார்ட்மென்டை நான் பிடித்ததே அவளை உள்ளே வைத்துவிட்டுப் போகத்தான். ஆப்பில் படம் படமாகப் பார்த்துப் பிடித்தேன். ஆறு பேர் தங்கலாம். இரண்டு பாத்ரூம். அதைப் பார்த்துத்தான் போட்டேன்.

இரண்டு மணி என்று அதில் போட்டிருந்ததை நான் பார்க்காமல் இல்லை. இந்த அபார்ட்மென்ட் புக்கிங்கைப் பார்க்கிற பெண் போனில் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள், “ஆப்ல தெளிவா போட்டிருக்கே சார்” என்று. போட்டிருக்கிறாய். யார் இல்லை என்றது? இரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று நினைத்தேன். பரீட்சைக்கு நேரம் போட்டால், இன்டர்வியூவுக்கு நேரம் போட்டால் அப்படித்தானே அர்த்தம்? இதற்கு முன்னால் வராதே என்று உலகத்தில் எவனாவது நேரம் போடுவானா? எங்கள் போடியில் லாட்ஜ் என்றால், நீங்கள் எந்த நேரத்தில் காலை எடுத்து வைக்கிறீர்களோ அந்த நேரத்திலிருந்து ஒரு நாள். அது மனிதர்கள் நடத்துகிற லாட்ஜ். இது படித்தவர்கள் நடத்துவது.

ஆக, இருட்டுப் பிரிவதற்கு முன்னாலேயே கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கிவிட்டோம். பெண்களைக் கூட்டிக்கொண்டு பயணம் பண்ணியிருக்கிறீர்களா சார்? இறங்கின உடனே பாத்ரூம் எங்கே என்பார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே போய்விட்டு வருகிறோம் என்று அம்மாவும் நாகஜோதியும் கிளம்பினார்கள். எதற்கு, ஆறு பேர் தங்குகிற ரூம் இருக்கிறது, இரண்டு பாத்ரூம் இருக்கிறது, அங்கே போய் நிம்மதியாகப் போய்க்கொள்ளலாம் என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். இங்கே வந்தால் இந்த கேட். இந்த வாட்ச்மேன். படியில் உட்காரக் கூடாது என்று எங்களை எழுப்பிவிட்டான். இப்போது மட்டும் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கிறீர்களா? அதற்கு வருகிறேன்.

பிறகு ஊர்வலம்தான். மூட்டை முடிச்சோடு நாலு பேர். டீக்கடைக்குப் போனோம், இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் பையைக் கொஞ்சம் ஓரமா வைங்க என்றான். ஓட்டலுக்குப் போனோம். அம்மா சாப்பாட்டைப் பார்க்கவில்லை, கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால் கதவு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஸ்டாஃபுக்கு மட்டும் என்று பூட்டு. அப்படியானால் எங்களுக்கு உன் இட்லியும் வேண்டாம் என்று எல்லோரையும் எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன். மாமாவுக்கு வருத்தம்தான். பெட்ரோல் பங்க் ஒன்றில் கேட்டேன். காட்டினார்கள். நாகஜோதி எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். அவ்வளவு பார்த்தால் ஆகுமா? நான் ஒரு காலி மனையில் ஒதுங்கிவிட்டு வந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. மாமாவும் அப்படியே. மனிதன் சமாளிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாவைச் சொல்ல வேண்டும். சர்க்கரை உண்டு, மாத்திரை போட வேண்டும். ஆனால் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீரை எடுத்து, கொண்டு வந்த மல்லிகைப் பூவின்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார். பூ வாடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை. எங்கள் தலைமுறையில் யாருக்கு இந்தக் கட்டுப்பாடு வரும்?

கடைசியில் ஒரு பிள்ளையார் கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்தோம். மாமா பழத்தின்மேல் தலையை வைத்தது அங்கேதான். அம்மா தூணில் சாய்ந்து, இரண்டு காலையும் ஒடுக்கிக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார், நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நாகஜோதி போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பைக் ஒன்று வந்து நிற்கிறது. யார்? இந்தக் கோபிநாத்தான். அவன் நம்பர் இவளிடம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். “மச்சான், வீடு ரெண்டு தெரு தள்ளிதான். எல்லாரும் வாங்க. அம்மா வெந்நி போட்டு வச்சிருக்காங்க.”

மச்சானாம். யார் மச்சான்? இன்னும் ஒன்றும் பேசி முடிக்கவில்லை. நான் மரியாதையாகவே சொன்னேன், சாயங்காலம் நல்ல நேரத்துக்கு முறையாக வருகிறோம், இப்போது வந்தால் சரியாக இருக்காது என்று. சாப்பிட வேண்டாம், குளிக்க மட்டும் வாருங்கள் என்றான். “கை நனைக்கக் கூடாதுங்கிற வீட்ல தலைய நனைக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டேன். மாமா தூக்கத்திலேயே சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் இன்னொன்று சொன்னான். இந்த பில்டிங் லிஃப்ட்டை அவன்தான் பார்க்கிறானாம். ஒரு வார்த்தை சொன்னால் காலியாக இருக்கிற ரூம் எதையாவது உடனே திறந்துவிடுவார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சலுகை பழக்கமில்லை.

நீங்கள் படித்தவர் மாதிரி தெரிகிறது, நீங்களே சொல்லுங்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, பல் விளக்காமல், தலை கலைந்து, கையில் மூட்டையோடு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பதா? அவன் அம்மா என்ன நினைப்பாள்? எஞ்சினியர் வீட்டுச் சம்பந்தம் என்று சொல்லி வைத்திருக்கிறது. பாருங்கள், இந்தப் பையில் சட்டை, இஸ்திரி போட்டுப் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அதைப் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் போய் இறங்கி, வாங்க வாங்க என்று அவர்கள் வெளியே வர வேண்டும். அதற்குத்தானே சார் இத்தனை பாடு.

நாகஜோதி எழுந்தாள். அவனோடு அவள் எனக்கு முன்னால் பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா? கேட்டால் சிரிப்பீர்கள்.

“வீட்ல பாத்ரூம் எங்க இருக்கு?”

“உள்ள நுழைஞ்சதும் எடது கைப் பக்கம்.”

“சுவிட்சு?”

“வெளிய.”

இவ்வளவுதான். அம்மாவைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். நான் குரலை உயர்த்தவில்லை, கோயில் இல்லையா. “ஜோதி, இப்ப நீ அங்க காலெடுத்து வச்சா பேசி முடிச்ச மாதிரி” என்றேன்.

“முடிச்சதாவே வச்சுக்க” என்றாள். “நீ காலி மனையில ஒதுங்கிட்டு வந்துட்ட. நாங்க எங்க போவோம்?”

பொது இடத்தில் பேசுகிற பேச்சா சார் இது? அவன் எதிரே நிற்கிறான், ஐயர் சன்னதியில் நிற்கிறார். அம்மாவை நான் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நாகஜோதியின் தோளைப் பிடித்துக்கொண்டு, படி இறங்குகிறவர் மாதிரி மெதுவாக, சமதரையில் நடந்து போனார். என்னைப் பெற்றவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாமாவை எழுப்பினேன். நீங்கள் கூடப் போங்கள், குளித்தால் குளிக்கட்டும், ஒருவரும் எதையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இவ்வளவு பைகளையும் இழுத்துக்கொண்டு நான் மட்டும் இங்கே வந்தேன். வாட்ச்மேன் இப்போது எழுப்பவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டான். அந்த லிஃப்ட்காரன் போகிற போக்கில் இவனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் கேட்கவில்லை. கேட்காமல் வந்ததற்கு நான் பொறுப்பில்லை.

மாமா போன் பண்ணினார். “மருமகனே, யாரும் வாய் வைக்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார். நல்லது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறார்களாம், அம்மா மாத்திரை போட வேண்டும் இல்லையா என்றார். சரி, மாத்திரைக்குத் தண்ணீர், மருந்து மாதிரிதானே என்று விட்டேன். மூன்றாவது தடவை பேசும்போது அவர் வாயில் ஏதோ இருந்தது. என்ன மாமா என்றேன். வெகு நேரம் மென்றுவிட்டு, “கேசரி” என்றார். காவலுக்கு அனுப்பின ஆள் சார். இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு நான் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

அப்புறம் நாகஜோதி பேசினாள். குளித்திருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. தோசை மூன்று சாப்பிட்டாளாம். மூன்று. அதை என்னிடம் சொல்கிறாள், மறைக்கக்கூட இல்லை. அந்த வீட்டில் வெயில் நன்றாக வருகிறதாம். கொண்டு போன பூவை அந்த அம்மா வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தாராம். எல்லாம் சொல்லிவிட்டு, “அண்ணே, தட்டு மாத்துறதுக்கு எல்லாம் எடுத்து வச்சுட்டாங்க. அண்ணன் கை நனைக்கட்டும், அப்புறம் பேசுவோம்னு அவங்க அம்மா உக்காந்துட்டாங்க. டிபன் குடுத்தனுப்புறாங்க, நீ சாப்பிட்டா ஒரு வார்த்தை சொல்லு” என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். அவர்களுக்காவது ஞாபகம் இருக்கிறது, இந்தக் குடும்பத்தில் ஒருவன் இருக்கிறான் என்று.

அதற்குப் பிறகு அவன் மறுபடி வந்தான். அதோ, அந்த டப்பா. சட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான். என் கையில் கொடுக்கவில்லை, படியில் வைத்தான். “அம்மா குடுக்கச் சொன்னாங்க மச்சான். சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் டப்பாவ மட்டும் சாயங்காலம் கொண்டாந்துருங்க, அது செட்டு” என்றான். போய்விட்டான். சாப்பிடு என்று ஒரு தடவைகூட வற்புறுத்தவில்லை. என்ன மரியாதை தெரிந்த ஆட்கள்!

திறக்கவில்லை சார். சத்தியமாகத் திறக்கவில்லை. சூடாக இருந்தது, அது மட்டும் தெரியும். தொட்டுப் பார்த்தேன், டப்பாவைத்தான். நான் இதைத் திறந்தால் என் தங்கை போய்விட்டாள் என்று அர்த்தம். திறக்காவிட்டால் அவள் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுப் போடிக்குத் திரும்பி வர வேண்டும், ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். மாமா இருக்கும்போது தெரியாமல் எப்படி இருக்கும்? அவள் போன பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள்? நானும் அம்மாவும். அம்மா என்னிடம் அதிகம் பேசுவதில்லை, உடம்பு முடியாதவர்.

நீங்கள் ஏதாவது சாப்பிட்டீர்களா? காலையிலிருந்தா? பிறகு ஏன் சொல்லவில்லை? இதை எடுங்கள். எடுங்கள் சார், உங்களுக்கு இதில் ஒரு முறையும் இல்லை, நீங்கள் திருவாரூர். கெட்டுப் போகிற பண்டத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது பாவம். திறங்கள். இட்லிதான், நினைத்தேன். பொடி தடவி வைத்திருக்கிறார்கள். அது தேங்காய்ச் சட்னியா? பச்சை மிளகாய் வாசனை வருகிறது. கம்பத்துப் பக்கம் அப்படித்தான் அரைப்பார்கள், இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது.

மூடியில் எனக்கு எதற்கு வைக்கிறீர்கள்? வேண்டாம் சார். நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்குச் சங்கடம், அது புரிகிறது. சரி, ஒன்று. ஒன்றுதான். இது நீங்கள் கொடுத்தது, அதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். டப்பா அவர்களுடையது, இட்லியை நான் உங்கள் கையிலிருந்து வாங்கியிருக்கிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ம். உப்பு கொஞ்சம் தூக்கல். இந்த ஊர்த் தண்ணீர் அப்படி.

இருங்கள், போன். அவள்தான். சொல்லு… ரூம் இன்னும் திறக்கல… ஆமா, இங்கதான் இருக்கேன்… என்ன? எதுக்கு அதையே கேக்குற? ஒருத்தர் வந்திருக்கார், அவர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்… இப்பவா…

நான் பொய் சொல்கிறவன் இல்லை சார், அதுதான் என்னிடம் இருக்கிற தொந்தரவு.

…ஆமா. சாப்பிட்டேன். ஒண்ணுதான்… ஒண்ணுதான்னு சொல்றேன்ல… ஏ, யார்கிட்ட சொல்ற, இரு, அவசரப்படாத, ஜோதி…

கேட்கிறதா? இந்தாருங்கள், காதில் வைத்துப் பாருங்கள். குலவை. எங்கள் பக்கம் நல்ல காரியம் முடிந்தால் பெண்கள் போடுகிற குலவை. சென்னையில் அடுக்குமாடிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு போடுகிறார்கள், அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று ஒரு கூச்சம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் கேட்கிறதே, அது எங்கள் அம்மா. அப்பா போன பிறகு அந்தக் குரலை நான் கேட்கவில்லை. அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் இருக்கிறது பாருங்கள். ஓர் இட்லிக்கு.

இதோ வருகிறான் வாட்ச்மேன், சாவியை ஆட்டிக்கொண்டு. என்னப்பா? மணி இரண்டா? இருக்கட்டும். காலையிலிருந்து நாங்கள் உனக்காக உட்கார்ந்திருந்தோம் இல்லையா, இப்போது நீ கொஞ்சம் நில்லு. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், தெரியவில்லையா?

சார், அந்தச் சட்னியை இப்படித் தள்ளுங்கள்.